மடையில் பிரியும் வாக்கு
கொங்கு: ஒரு வாக்கின் வரலாறு – 12

2001ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. தமிழகம் முழுவதும் சேர்த்து 31 இடங்களில்தான் வென்றது. அந்த 31இல் ஒன்று வெள்ளகோவில். கொங்கு மண்டலம் அ.தி.மு.க.வின் கோட்டை என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் அ.தி.மு.க. அலை அடித்த அந்த ஆண்டிலும், கொங்கின் நட்டநடுவில் இருக்கும் இந்தத் தொகுதி உதயசூரியனுக்கு வாக்களித்தது. 1996இல் இங்கே வென்ற மு.பெ.சாமிநாதனே 2001இலும் 2006இலும் வென்றார். அதற்குப் பிறகு வெள்ளகோவில் என்ற தொகுதியே இல்லாமல் போனது. 2008 தொகுதி மறுசீரமைப்பில் அது கலைக்கப்பட்டு, ஊர் காங்கேயம் தொகுதிக்குப் போனது. மாவட்டமும் இப்படித்தான் மாறி மாறி வந்திருக்கிறது. கோயம்புத்தூராக இருந்தது 1979இல் பெரியார் மாவட்டமானது, பிறகு ஈரோடு என்று பெயர் மாறியது, 2009இல் திருப்பூரோடு சேர்ந்தது. நாடாளுமன்றத்துக்கு மட்டும் இந்த ஊர் இன்னமும் ஈரோட்டுக்குத்தான் வாக்களிக்கிறது. எல்லைகளை வரைகிறவர்களுக்கு வெள்ளகோவில் ஓர் ஓரம். அந்த ஓரத்தில் நின்று பார்த்தால் ‘கொங்கு வாக்கு’ என்று கட்சிகள் சொல்லும் பொருள் வேறுவிதமாகத் தெரிகிறது என்பதால்தான் இந்த அத்தியாயத்தை இங்கிருந்து தொடங்குகிறேன்.

கட்சிகள் ஒரு மக்கள் கூட்டத்தைத் தங்கள் பக்கம் இழுக்க நினைக்கும்போது முதலில் அந்தக் கூட்டத்துக்கு ஒரு முகம் வரைந்துகொள்கின்றன. கொங்கில் அந்த முகம் தோட்டத்தில் குடியிருக்கும் கொங்கு வேளாளக் கவுண்டர் விவசாயியின் முகம். அவர் மனம் எப்படிப்பட்டது, எதைச் சொன்னால் இரங்குவார், எந்தப் பெயரைக் கேட்டால் பெருமைப்படுவார் என்று கணக்குப் போட்டுத்தான் ஐம்பது ஆண்டுகளாகப் பிரசாரம் நடந்து வருகிறது. அந்தக் கணக்கு அடிப்படையிலேயே தவறு என்பது என் வாதம். ஒரே சாதி, ஒரே வட்டாரம், ஒரே பேச்சுவழக்கு உள்ள இந்த வாக்காளர் வாய்க்கால் மடையில் இரண்டாகப் பிரிகிறார், தறிக்கூடத்தில் மறுபடியும் பிரிகிறார். பிரிந்து நிற்கும் அந்த இடத்துக்கு வந்து பேசியவர்கள் வாக்கை மாற்றியிருக்கிறார்கள். பிரிவே இல்லாதது போல மேடையில் பேசியவர்கள் கைதட்டல் வாங்கியிருக்கிறார்கள்.

பெயரில் தொடங்குவோம். காங்கேயத்துக்கு அருகிலுள்ள மேலப்பாளையத்தில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்டு, 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலை இந்த மண்ணின் நாயகர். அதில் யாருக்கும் ஐயமில்லை. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயர் இருந்தது. 1990களின் நடுவில் கரூர் மாவட்டத்துக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. 1997இல் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்களையெல்லாம் அரசு நீக்கியபோது இவையும் போயின. 2005இல் அஞ்சல் தலை வந்தது. ஆடிப் பெருக்கன்று ஓடாநிலையில் அரசு விழா நடக்கிறது, எல்லாக் கட்சித் தலைவர்களும் மாலையோடு வருகிறார்கள். எல்லோரும் வருகிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாலையைப் போடும்போது அந்த மாலையால் ஒரு வாக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவதில்லை. போடாமல் விட்டால் நஷ்டம் உண்டு, போட்டதால் லாபம் கிடையாது. மக்கள் தங்கள் வீரரை மதிப்பதில் பொய்யில்லை. அந்த மதிப்பை வாக்காக மாற்றலாம் என்று நினைத்ததுதான் பிழை.

அடுத்தது சலுகை. இங்கே வரலாறு கனமானது. கொங்கு மண் ஆற்றுப் பாசன மண் அல்ல, கிணற்றுப் பாசன மண். பைக்காரா மின்சாரம் 1930களில் வந்த பிறகு கவலை ஏற்றத்தின் இடத்தை மோட்டார் பிடித்தது. இங்குள்ள விவசாயிக்கு மழை எவ்வளவு முக்கியமோ மின்கட்டணமும் அவ்வளவு முக்கியம். 1970இல் யூனிட்டுக்கு 8 பைசாவாக இருந்த கட்டணத்தை அரசு 10 பைசாவாக உயர்த்தியது. விவசாயிகள் திரண்டார்கள். ஜூன் 19ஆம் தேதி திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். அரசு ஒரு பைசாவைக் குறைத்தது. 1972இல் கட்டணம் மறுபடி ஏறியபோது கோவை நகரத்துத் தெருக்களை மாட்டு வண்டிகளால் நிரப்பி நிறுத்தினார்கள். ஜூலையில் மீண்டும் துப்பாக்கிச் சூடு, மீண்டும் உயிர்ப்பலி. ஜூலை 5 இன்றும் விவசாய சங்கங்களால் உழவர் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பெருமாநல்லூரில் நினைவுத் தூண் நிற்கிறது; ஆண்டுதோறும் ஜூன் மாதம் பச்சைத் துண்டு போட்டவர்கள் அங்கே கூடிப் பூ வைக்கிறார்கள். இறந்தவர்களை நேரில் அறியாத தலைமுறையும் அந்தத் தூணின் முன் நிற்கிறது.

அதே தி.மு.க. அரசுதான் 1975இல் கொங்கு வேளாளர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. கோவை செழியன் போன்றவர்கள் முன்னின்று கேட்ட கோரிக்கை அது. பல்லாயிரம் குடும்பங்களில் முதல் மருத்துவரையும் முதல் பொறியாளரையும் உருவாக்கிய ஆணை. அரசியல் கணக்கின்படி அடுத்த தேர்தலில் கொங்கு முழுவதும் நன்றியோடு திரண்டிருக்க வேண்டும். 1977இல் நடந்தது நேர்மாறு. எம்.ஜி.ஆரின் கட்சி ஆட்சிக்கு வந்தது, கொங்கு அதன் அடித்தளங்களில் ஒன்றானது. இங்கே நியாயமான ஆட்சேபம் ஒன்று வரும். 1977இல் தமிழகமே எம்.ஜி.ஆர். பக்கம் சாய்ந்தது, கொங்கை மட்டும் தனியாக எடுத்து அதற்கொரு காரணம் தேடுவது சரியா என்று. ஒரு தேர்தலை மட்டும் வைத்துச் சொன்னால் சரியில்லைதான். ஆனால் எம்.ஜி.ஆர். மறைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் இதே போக்கு தெரிகிறது. 2021இல் தமிழகம் தி.மு.க. பக்கம் போனபோது கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளையும் அ.தி.மு.க. கூட்டணி வென்றது. முதலமைச்சராக இருந்த பழனிசாமி கொங்கைச் சேர்ந்தவர் என்பது ஒரு காரணம். அது மட்டுமே காரணமென்றால் 2016இல் அந்தக் கட்சி இங்கே பெற்ற வெற்றிக்கு விளக்கம் கிடைக்காது. பட்டியலில் ஒரு வரி சேர்த்ததைவிட, கேட்கப் போனவனைச் சுட்டார்கள் என்ற நினைவுக்கு ஆயுள் அதிகம் என்றுதான் நான் படிக்கிறேன்.

அந்தப் போராட்டத்தின் தலைவர் யார் என்று பாருங்கள். கோவையை அடுத்த வையம்பாளையத்துக்காரரான நாராயணசாமி நாயுடு. தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர் பின்னால் கவுண்டர் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் வண்டி கட்டிப் போனார்கள். சாதி சொல்லி அழைத்தால்தான் கொங்கு வரும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் அழைத்தது மீட்டர் பெட்டியின் பெயரால். ஆனால் அதே நாராயணசாமி நாயுடு 1982இல் இந்திய விவசாயிகள் உழைப்பாளர் கட்சியைத் தொடங்கித் தேர்தலுக்கு வந்தபோது அந்தக் கூட்டம் வாக்காக மாறவில்லை. 1984 டிசம்பரில் கோவில்பட்டியில் தேர்தல் வேலையில் இருந்தபோது காலமானார். அதே ஆண்டுதான் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் தந்தது. 1990இல் கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்குமாக்கியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில், ராஜீவ் கொலையின் நிழலில், தி.மு.க. மாநிலம் முழுவதும் இரண்டே தொகுதிகளில் வென்றது. இதை நன்றி கெட்டதனம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. உயிரைக் கொடுத்துப் பெற்ற ஒன்றை யாரும் தானமாக நினைப்பதில்லை. தந்த நாளிலேயே அது உரிமையாகிவிட்டது. உரிமையைத் திரும்ப எடுக்க வந்தால்தான் வாக்கு அசையும்.

இப்போது வாய்க்காலுக்கு வருவோம். பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின் தண்ணீர் திருமூர்த்தி அணையில் தொடங்கி உடுமலை, பல்லடம் வழியாக வந்து சேரும் கடைசிப் பகுதி காங்கேயமும் வெள்ளகோவிலும். முதலில் திட்டமிட்டதைவிடப் பாசனப் பரப்பு பெருகிப் பெருகி, இன்று சுமார் 3.77 லட்சம் ஏக்கர் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மண்டலத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் தண்ணீர் முறை வரும். முறை வந்தாலும் கடைமடைக்கு வந்து சேருவது எவ்வளவு? மேலே வாய்க்காலை ஒட்டிக் கிணறு வெட்டி, மோட்டார் வைத்து, குழாய் போட்டுத் தென்னைக்கு இழுப்பதாக வெள்ளகோவில் கிளை வாய்க்கால் விவசாயிகள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லி வருகிறார்கள், உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள், நீதிமன்றம் போயிருக்கிறார்கள். மடைப் பலகையைத் தூக்கிய அன்று வாய்க்காலின் அடியில் விரல் கணுவளவு நீர் வந்து, மண் குடித்து, அடுத்த வயலுக்குப் போகுமுன் நின்றுவிடுகிறது. இந்தப் பக்கம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவரும் அந்தப் பக்கம் மேல்மடையில் தென்னை வைத்திருப்பவரும் பெரும்பாலும் ஒரே சாதி. ஒரே கல்யாண மண்டபத்தில் அடுத்தடுத்த இலையில் உட்காருகிறவர்கள். ‘நம் சமூகத்துக்கு நாங்கள்’ என்று அவர்களிடம் போய்ச் சொல்லும் கட்சி எந்த மடையின் பக்கம் நிற்கும்?

கீழ்பவானியிலும் இதே கதைதான். பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் வந்து முடியும் அந்த வாய்க்காலுக்குக் கான்கிரீட் கரை போட 2020இல் அ.தி.மு.க. அரசு 709 கோடி ரூபாய்த் திட்டம் கொண்டுவந்தது. தண்ணீர் கசியாமல் வந்தால்தான் தங்களுக்கு எட்டும் என்று கடைமடைக்காரர்கள் வேண்டும் என்றார்கள். கசிவு நீரால் கிணறு ஊறுகிறவர்கள் வேண்டாம் என்றார்கள். ஆட்சி மாறியது, அமைச்சர்கள் மாறினார்கள், இரண்டு தரப்பும் மாறி மாறிப் போராடின. எந்தக் கட்சியாலும் தெளிவாக ஒரு பக்கம் நிற்க முடியவில்லை. கொங்கு என்று ஒரு வாக்கு உண்மையில் இருந்திருந்தால் இந்த விவகாரம் ஒரே கூட்டத்தில் முடிந்திருக்கும்.

தறிக்கூடத்துக்குப் போனால் பிரிவு இன்னும் கூர்மை. திருப்பூர் பனியனுக்குப் பெயர் பெற்றாலும், பல்லடம், சோமனூர், அவிநாசி, வெள்ளகோவில் வட்டாரங்கள் விசைத்தறியை நம்பி இருப்பவை. தறி வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் துணிக்குச் சொந்தக்காரர்கள் அல்லர். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் தருவார்; நெய்து கொடுத்து மீட்டர் கணக்கில் கூலி வாங்குவார்கள். கூலி உயர்வுக்காக 2022 தொடக்கத்தில் ஒரு மாதத்துக்கு மேல் தறிகளை நிறுத்தி வைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியதும் பலர் பில் கட்டாமல் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இலவச மின்சாரத்தின் வரலாறும் இதனோடு சேர்ந்து ஓடுகிறது. 2006இல் தி.மு.க. அரசு விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் தந்தது, 2016இல் ஜெயலலிதா அதை 750 ஆக்கினார், 2023இல் ஸ்டாலின் அரசு 1,000 ஆக்கியது. ஆயிரம் யூனிட் என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தறி மணிக்கு அரை யூனிட் எடுக்கும் என்றே வைத்துக்கொள்வோம். நான்கு தறி, நாளுக்கு 12 மணி நேரம், இரண்டு மாதத்தில் 50 நாள் ஓடினால் 1,200 யூனிட். நான்கு தறிக்காரருக்கு ஏறக்குறைய முழுச் செலவும் தீர்கிறது. இருபது தறிக்காரருக்கு அது ஓரத்தில் ஒரு சலுகை. இரண்டு பேரும் ஒரே தெருவில், ஒரே பங்காளிக் கூட்டத்தில் இருக்கலாம். 750ஐ 1,000 ஆக்கிய ஆணை யாரைத் தொட்டது என்பதைச் சாதி சொல்லாது, மீட்டர் சொல்லும்.

இதற்கு எதிராகக் காட்டப்படும் பெரிய சான்று 2009. அந்த ஆண்டு தொடக்கத்தில் உருவான கொங்குநாடு முன்னேற்றக் கழகம் சில மாதங்களில் நாடாளுமன்றத் தேர்தலில் தனித்து நின்றது. கோவையில் பெஸ்ட் ராமசாமி 1.28 லட்சம் வாக்கு வாங்கினார். வென்றவருக்கும் இரண்டாமிடத்துக்கும் இருந்த வித்தியாசம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஈரோட்டிலும் அந்தக் கட்சி ஒரு லட்சத்தைத் தாண்டியது. சாதிப் பெயரால் வாக்குத் திரளும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்பார்கள். கேள்வி வலுவானது; அதனால்தான் அடுத்து நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2011இல் தி.மு.க. கூட்டணியில் அந்தக் கட்சிக்கு 7 இடங்கள் கிடைத்தன. ஏழிலும் தோற்றது. இரண்டு ஆண்டில் சாதி மாறவில்லை, தலைவர்களும் மாறவில்லை. 2009இல் விழுந்தவை இரண்டு பெரிய கட்சிகளின் மீதும் இருந்த கோபத்தின் வாக்குகள். அவற்றை ஒரு கட்சியின் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்ததும் கரைந்துவிட்டன. அதற்குப் பிறகு கொங்குப் பெயர் கொண்ட அமைப்புகள் வென்றதெல்லாம் பெரிய கட்சியின் சின்னத்தில்தான். 2016இல் காங்கேயத்தில் கொங்கு இளைஞர் பேரவையின் தனியரசு வென்றது இரட்டை இலையில். 2019இல் நாமக்கல்லிலும் 2021இல் திருச்செங்கோட்டிலும் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி வென்றது உதயசூரியனில். தனியரசு வென்ற அதே காங்கேயம் அடுத்த தேர்தலிலேயே வெள்ளகோவில்காரரான சாமிநாதனைத் தேர்ந்தெடுத்தது.

என் வாதத்துக்கு வேறோர் இடத்தில் வரம்பு உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. கொங்கு என்று மேடையில் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் வராத மக்கள் இங்கே ஏராளம். தோட்ட வேலையிலும் தோல் வேலையிலும் நகராட்சித் துப்புரவிலும் தலைமுறைகளாக இருப்பவர்கள், வீட்டில் பெரும்பாலும் தெலுங்கு பேசும் அருந்ததியர்கள். 2009இல் நீதியரசர் ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரைப்படி பட்டியல் சாதிகளுக்கான 18 சதவீதத்துக்குள் அவர்களுக்கு 3 சதவீதம் தனியாக ஒதுக்கிச் சட்டம் வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பஞ்சாப் வழக்கில் தீர்ப்பளித்தபோது, இத்தகைய உள்ஒதுக்கீடு செல்லும் என்றது. கவுண்டருக்குச் சின்னமலையின் பெயர் ஏற்கெனவே இருந்த பெருமையோடு கூடுதலாக ஒன்று. பட்டியலில் பெயர் இருந்தும் பங்கு கைக்கு வராமல் இருந்த அருந்ததியருக்கோ, அரசு ஆணையில் தங்கள் பெயர் தனியாக எழுதப்பட்டதே ஒரு பொருள். அந்த எழுத்தில்தான் மருத்துவக் கல்லூரி இடம் இருந்தது. ஒரு சமூகத்தைப் பெயர் சொல்லி அழைப்பது வீண் என்று நான் பொதுவாகச் சொன்னால் இவர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். பெயரோடு கூடவே இடமும் வந்தால் அது வேறு.

இந்தப் பிழை நம்முடையது மட்டுமல்ல. அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் வம்சாவளியினரை ‘ஹிஸ்பானிக் வாக்கு’ என்று ஒரே பொட்டலமாகக் கட்டி இரு கட்சிகளும் அறுபது ஆண்டுகளாகத் துரத்துகின்றன. 1960இல் ஜாக்குலின் கென்னடி தொலைக்காட்சியில் ஸ்பானிய மொழியிலேயே வாக்குக் கேட்டார். மொழியில் பேசினால் மனம் வரும் என்ற நம்பிக்கை அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் மயாமியில் இருக்கும் கியூபக் குடும்பமும், டெக்சாஸ் எல்லையில் தலைமுறைகளாக இருக்கும் மெக்சிக வம்சாவளிக் குடும்பமும் பேசுவது ஒரே மொழி. அஞ்சுவது வேறு வேறு விஷயங்களுக்கு. 1994இல் கலிபோர்னியாவில் ஆவணமில்லாமல் குடியேறியவர்களுக்குப் பள்ளியையும் மருத்துவத்தையும் மறுக்கும் 187ஆம் முன்மொழிவை குடியரசுக் கட்சி ஆளுநர் ஆதரித்தார். அந்த ஒரு செயல் அம்மாநிலத்தின் லத்தீன் வாக்காளர்களை நீண்ட காலத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளியது. பெருமாநல்லூர்த் தூண் நினைவுக்கு வருகிறது. மறுபக்கம், ஏறக்குறைய எல்லோரும் ஹிஸ்பானிக்குகளாக இருக்கும் டெக்சாசின் ஸ்டார் கவுண்டி, 1892க்குப் பிறகு முதல்முறையாக 2024இல் குடியரசுக் கட்சி வேட்பாளருக்கு வாக்களித்தது. இந்த மக்கள் எங்களுடையவர்கள் என்று ஜனநாயகக் கட்சி நூறாண்டுக்கும் மேலாக நம்பியிருந்த இடம் அது.

இதெல்லாம் இலவசங்களுக்கு வாக்கை விற்பதுதானே, இதில் மனமாற்றம் எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. தேர்தல் அறிக்கையில் சொல்லும் வாக்குறுதி சட்டப்படி ஊழல் நடவடிக்கையாகாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நான் சொல்ல வருவது அந்தச் சட்டக் கேள்வியை அல்ல. 1972இல் வண்டி கட்டிப் போனவர்கள் எதையும் இலவசமாகக் கேட்கவில்லை, ஏற்றிய பைசாவை இறக்கச் சொன்னார்கள். கடைமடைக்காரர் கேட்பது தன் முறைத் தண்ணீரை. தன் தொழிலின் கணக்கு தெரிந்த ஒருவரிடம் அந்தக் கணக்கோடு போய்ப் பேசுவதும் வாதம்தான், விலை பேசுவது அல்ல. அவர் அதைச் சரிபார்த்துக்கொள்ள முடியும். பொய்யென்றால் அடுத்த பில்லில் தெரிந்துவிடும்.

சரிபார்க்க முடியாத வாக்குறுதிக்கும் இங்கே ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. ஆனைமலையாறு – நல்லாறு திட்டம் பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தக் காலத்திலிருந்தே பேசப்படுவது.  அதற்குக் கேரளம் ஒப்புக்கொள்ள வேண்டும். அது வந்தால் மேல்மடைக்கும் கடைமடைக்கும் சேர்த்துக் கூடுதல் தண்ணீர், யாரிடமிருந்தும் எடுத்து யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு கட்சிகளும் இதைத் தேர்தலுக்குத் தேர்தல் சொல்லி வருகின்றன. வாய்க்காலை ஒட்டிய கிணறுகளின் மோட்டார்களை எண்ணிக் கணக்கெடுப்போம், கடைசி மடையில் அளவுகோல் நட்டு வந்த நீரை ஊருக்கு எழுதி ஒட்டுவோம் என்று சொல்ல ஒரு பக்கத்து வாக்கை இழக்கத் துணிய வேண்டும். நல்லாறு இன்னும் வரவில்லை. வெள்ளகோவில் கிளை வாய்க்காலில் அடுத்த முறைக்குத் தண்ணீர் திறக்கும் நாளை எதிர்பார்த்துக் கடைமடைக்காரர்கள் பாத்தி கட்டி வைத்திருக்கிறார்கள்.